யாரும் நிறுத்தச் சொல்லவில்லை

சித்திரை பிறந்துவிட்டால் நம் வேன் ஸ்டாண்டுக்கு நல்ல காலம். ஸ்கூல் லீவு விட்ட மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். முக்கொம்பு, கல்லணை, பச்சைமலை என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். போன வாரம் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, முப்பத்தோரு வருஷம் வேன் ஓட்டிட்டு ஹாயா உக்காந்திருக்கீங்க. புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு கோடை சவாரி பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க, குரூப்ல போடலாம்" என்றார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

தம்பிகளே, வண்டி ஓட்டுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் உங்கள் போனில் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று உயிரை வாங்குகிறாள். அவள் சொல்லாத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஓட்டிய முதல் வேனில் ஏ.சி. கிடையாது. மே மாதம் விடிவதற்கு முன்பே வாசலில் போய் நிற்பேன். உள்ளே விளக்கு எரியும். புளியோதரைக்குத் தாளிக்கிற வாசனை தெருவரைக்கும் வரும். பிள்ளைகள் தூங்கிய முகத்தோடு வந்து ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும். தூக்குவாளி, ஜமுக்காளம், கிரிக்கெட் மட்டை, பந்து, மாங்காய்ப் பை எல்லாம் ஏறும். கடைசியாக வீட்டைப் பூட்டியவர், பூட்டினோமா என்று பார்க்க ஒரு தடவை இறங்கிப் போவார். எந்த வீட்டிலும் இது தவறியதில்லை. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறபோது விடியற்காலையில் எங்காவது கடுகு வெடித்தால் போதும், எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கை பரபரக்கிறது. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெயில் விஷயத்தில் நான் கறாரான ஆள். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஐந்துதான். ஸ்ரீரங்கம் போவதாக இருந்தால் கல் சூடேறுவதற்கு முன்னால் சேவித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தப் பிரகாரத்தில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடி வந்த பெரிய பெரிய ஆபீசர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றிலிருந்து மூன்றரை வரைக்கும் மர நிழலை விட்டு யாரும் நகரக்கூடாது. பிள்ளைகள் தலையில் தொப்பி இல்லாவிட்டால் என் துண்டையே நனைத்துக் கட்டிவிடுவேன். வண்டியைப் போடும்போது இப்போது நிழல் எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டேன், மத்தியானம் எங்கே வரும் என்று பார்த்துப் போடுவேன். பின்னால் இரண்டு பெரிய கேன் நிறையத் தண்ணீர், ஒரு டப்பாவில் உப்பு, சர்க்கரை, பத்து எலுமிச்சம்பழம். இதெல்லாம் யாரும் கேட்காமல் நானாகச் செய்தது. என் வண்டியில் வந்தவர்கள் யாரும் வெயிலால் படுத்ததில்லை என்று ஸ்டாண்டில் பீற்றிக்கொள்வேன்.

இன்னொரு பெருமையும் உண்டு. எடுத்த வண்டி போய்ச் சேருகிற இடத்தில்தான் நிற்கும். டீ, தம் என்று நடுவில் நிறுத்துகிறவன் டிரைவரே இல்லை என்று பேசித் திரிந்தேன். இந்த இரண்டு பெருமையும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று எனக்குப் புரிய ஒரு பெண்ணின் உயிர் ஊசலாட வேண்டியிருந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கே.கே. நகரிலிருந்து ஒரு சவாரி. அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், ஊரிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள், எல்லாமாகப் பதினான்கு பேர். வண்டி பேசியது அண்ணன். ஆபீசில் நாலு பேரை அதட்டிப் பழகிய குரல். தம்பி வாயே திறக்காத மனுஷர். தம்பியின் மனைவி பெயர் மல்லிகா, ஸ்கூல் டீச்சர். அவருக்கு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அண்ணன் மனைவி பெயர் சாந்தி. காலையில் ஸ்ரீரங்கம், அதன் பிறகு துறையூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஓடை, சாயங்காலம் வீடு. இதுதான் பிளான். ஓடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே நீங்கள் அத்தனை பேரும் அங்கே வண்டியை விட்டுவிடுவீர்கள்.

கோயிலுக்கு என்பதால் பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள். மாற்றிக்கொள்ள நூல் புடவை தனிப் பையில் இருந்தது. எங்கே மாற்றுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. சேவித்துவிட்டு வந்து, வண்டி ஓரத்திலேயே இட்லி சாப்பிட்டு, எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம்.

மண்ணச்சநல்லூர் தாண்டியதும் டீச்சரின் பெண் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தது.

"டிரைவர் அங்கிள், பெட்ரோல் பங்க் வந்தா நிறுத்துவீங்களா?"

"டேங்க் ஃபுல்லா இருக்கு பாப்பா. இன்னும் ரெண்டு தடவை துறையூர் போயிட்டு வரலாம்" என்றேன்.

வண்டியே சிரித்தது. கண்ணாடியில் பார்த்தேன், டீச்சரும் சிரித்தார். குழந்தையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். வழியில் மூன்று பங்க் வந்தது, மூன்றையும் விட்டுப் பறந்தேன். ஓடைக்கு நான் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே போய்ச் சேர்ந்தோம். "சூப்பர் டிரைவர்யா நீ!" என்று அண்ணன் என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு அந்த இடம் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? முழங்காலளவு தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரியும். பிள்ளைகள் உள்ளே இறங்கினவர்கள் ஏறவே இல்லை. ஆண்கள் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டாடினார்கள். மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவி ஒரு தட்டு எனக்கும் வந்தது. பெண்கள் மட்டும் உட்காரவில்லை. சாப்பாட்டைப் பிரிப்பது, பரிமாறுவது, பிள்ளைகளைத் துவட்டுவது, மறுபடி அவர்கள் நனைவது, பாத்திரத்தை வெயில் காய்கிற பாறையில் உட்கார்ந்து கழுவுவது என்று பட்டுப்புடவையோடு ஓடிக்கொண்டே இருந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் டம்ளரில் எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சரும் வாங்கினார். உதட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற தன் பெண்ணிடம் நீட்டிவிட்டார். அம்மாமார்கள் அப்படித்தானே என்று நானும் நகர்ந்துவிட்டேன். அங்கே அப்போது கழிப்பறை என்று எதுவும் கிடையாது. ஆண்களுக்குக் காடு இருந்தது, பெண்களுக்கு அந்தக் காடும் இல்லை, எந்தப் பக்கம் போனாலும் யாராவது இருந்தார்கள்.

இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும் என்றார் அண்ணன். சாயங்காலம் ஒரு ரிசப்ஷனாம். மூன்றரைக்கு முன்னால் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வண்டிக்குள்ளதானய்யா வரப்போறோம்" என்றார். கஸ்டமர் சொன்னால் சரி என்று எடுத்துவிட்டேன்.

துறையூரைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் வந்திருப்போம். பின்னாலிருந்து சாந்தி அம்மா, "மல்லிகா, என்னடி பேசுற நீ?" என்று கேட்டது காதில் விழுந்தது. டீச்சர் தன் பெண்ணை வேறு ஏதோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். "பெல் அடிச்சாச்சா? நோட்டெல்லாம் எடுத்து வைங்க" என்றார். குழந்தை, "அம்மா, நான்மா" என்று அழ ஆரம்பித்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கினேன்.

"உடம்பு கொதிக்குதுங்க. ஆனா ஒரு பொட்டு வேர்வை இல்ல" என்றார் சாந்தி அம்மா.

உடனே ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். ஒருவர் கண் திருஷ்டி என்றார். ஒருவர் பித்த மயக்கம் என்று சோடா பாட்டிலை உடைத்துக்கொண்டு வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது எங்களை ஒரு முதலுதவி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். பாதி நேரம் தூங்கினேன். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதே என்பது மட்டும் நல்ல வேளையாக மண்டையில் நின்றிருந்தது. "புரை ஏறிடுங்க, வேணாம்" என்று சோடாவைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"சும்மா வெயில் மயக்கம்தான். திருச்சிக்கே விடு. அரை மணி நேரம். அங்க நம்ம டாக்டர் இருக்கார்" என்றார் அண்ணன்.

திருச்சி முன்னால் முப்பத்தைந்து கிலோமீட்டர். துறையூர் பின்னால் எட்டு. வந்த வழியே திரும்புவது என்றால் டிரைவருக்கும் பிடிக்காது, குடும்பத்துக்கும் பிடிக்காது, வீட்டை நோக்கி முகத்தைத் திருப்பியாகிவிட்டதே. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் எஞ்சின் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டால் வீடு பக்கம்தான் என்று ஓட்டக்கூடாது என்பது தெரியும். அந்த முகத்தில் நான் பார்த்தது அந்தச் சிவப்பைத்தான்.

"சார், நான் துறையூருக்குத் திருப்புறேன். கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

"நான் சொல்றது காதுல விழலியா?" என்று கத்தினார். அதுவரை வாயைத் திறக்காத தம்பி, "அண்ணே, அவர் சொல்றபடி விடுங்க" என்றார். முப்பத்தோரு வருடத்தில் கஸ்டமர் பேச்சை மீறி நான் வண்டியைத் திருப்பியது அந்த ஒரு முறைதான்.

திருப்புவதற்கு முன்னால் பின் கதவைத் திறந்து ஒரு கேனை உருட்டி எடுத்தேன். "அம்மா, தலையிலேருந்து கால் வரைக்கும் ஊத்துங்க. ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விசிறிக்கிட்டே வாங்க." ஆண்கள் நெளிந்தார்கள். இத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணை எப்படி நனைப்பது? பட்டு வீணாகிவிடுமே என்றுகூட ஒரு குரல் வந்தது. சாந்தி அம்மா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "ஆம்பளைங்க எல்லாம் முன்னாடி பாத்து உக்காருங்க. பட்டு போனா போகுது, நீங்க ஊத்துங்கடி" என்றார். இரண்டு பெண்கள் பையிலிருந்த நூல் புடவையைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் செம்பு செம்பாக ஊற்றினார்கள். வண்டிக்குள் தண்ணீர் ஓடி என் காலடிக்கு வந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஹாரனில் கையை வைத்து ஓட்டினேன். குழந்தை என் சீட்டுக்குப் பின்னால் நின்று, "சீக்கிரம் அங்கிள், சீக்கிரம் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். பெயர்கூட எனக்குத் தெரியாது.

"காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். "ரெண்டு கேன் வச்சிருந்தேங்க, எலுமிச்சைத் தண்ணியும் குடுத்தேன்" என்றேன் நான், பெருமை இன்னும் போகாமல்.

"வச்சிருந்தீங்க சரி. குடிச்சாங்களா? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனாங்க?"

சாந்தி அம்மா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "விடியக்காலம் வீட்டுல போனதுதாங்க. நாங்க எல்லாருமே அப்படித்தான். குடிச்சா போகணும்ல. அதனால குடிக்கல. நடுவுல முடியலன்னுதான் பாப்பாவ அனுப்பி பங்க்ல நிறுத்தச் சொல்லிக் கேட்டா மல்லிகா."

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "ஏங்க, வண்டி வழியில எங்கயுமே நிக்கலையா?"

"யாரும் நிறுத்தச் சொல்லலைங்க" என்றேன்.

"சொல்ல மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, உள்ளே போய்விட்டார்.

நான் வெளியே வந்து வண்டிப் பக்கம் நின்றேன். பின் கதவைத் திறந்தேன். ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கேனில் முக்கால்வாசிதான் குடித்திருந்தார்கள். இன்னொரு கேன் அதுவரை மூடிகூடத் திறக்காமல் இருந்தது, அதைத்தான் டீச்சர் தலையில் ஊற்றினோம். இத்தனை வருடமாக மிச்சத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். யார் குடிக்காததால் மிச்சம் என்று ஒரு நாளாவது கேட்டேனா? டேங்க் ஃபுல்லா இருக்கு பாப்பா என்று சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு குழந்தைக்கு அம்மா இல்லாமல் போயிருந்தால் அதற்கு நானும் ஒரு காரணம்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணா, உங்க சீட்டெல்லாம் ஈரமாயிடுச்சாம்ல, சாரிண்ணா" என்றார். அவர் என்னிடம் சாரி கேட்கிறார்! எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு நான் சவாரி போன விதமே மாறிவிட்டது. சவாரி பேசினால், வீட்டு அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்பேன். கோயிலுக்குப் பட்டு என்றால், மாற்றிக்கொள்ள ஓர் இடம் நான் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்வேன். எந்தச் சாலையில் எந்த பங்க்கில் பூட்டிப் போடாத, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறது, எந்தக் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் நல்லவர், எந்த ஊரில் நமக்குத் தெரிந்த வீடு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

முக்கியமான விஷயம் இதுதான், கவனமாகப் படியுங்கள். "யாராவது போகணுமா?" என்று வண்டிக்குள் சத்தமாகக் கேட்காதீர்கள். மாமனார், மச்சான் நடுவில் ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள். நான் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துவேன். "ரேடியேட்டருக்குத் தண்ணி பாக்கணும், இருபது நிமிஷம் ஆகும்" என்பேன். ஆண்களை டீக்கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். புது வண்டியில் அப்படிப் பார்க்க வேண்டியதே இல்லை. அது பெண்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேன்கள் காலியாகத் திரும்பி வந்தன. வழி நெடுகப் பின் சீட்டில் பாட்டும் சிரிப்பும் கேட்க ஆரம்பித்தது. அதுவரை பெண்கள் என் வண்டியில் அமைதியாக வருவது அவர்கள் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மே மாதம் மல்லிகா டீச்சரே போன் செய்தார். "அண்ணா, இந்த வருஷம் வண்டி பேசுறது நான்தான். நாங்க எல்லாரும் சுடிதார். நீங்க நிறுத்தலன்னா நானே பிரேக்க மிதிச்சிடுவேன்" என்றார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் சொல்லியே ஆகவேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இனிமேல்தான் வருகிறது.

துறையூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், மொட்டைமாடியில் என் மனைவி செல்வி வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "ஆமா, வெளிய போனா யாரும் குடிக்க மாட்டோம்" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீயுமா?"

"நானும்தான்."

வருடா வருடம் சீசன் முடிகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, செல்வியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முக்கொம்புக்குப் போவேன். பகல் முழுவதும் மரத்தடியில் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்புவோம். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் எவை என்று கேட்டால் அவைதான் என்பேன்.

"முக்கொம்பு போறப்பவுமா?" என்று கேட்டேன்.

"முந்தின நாள் சாயங்காலத்துலேருந்தே குறைச்சுக்குவேன். ஒரு வருஷம் வந்தவுடனே நீர்க்கடுப்பு வந்து துடிச்சேனே, ஞாபகம் இருக்கா? சூடுன்னு சொல்லி இளநி வாங்கிக் குடுத்தீங்க."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க பாடிக்கிட்டே ஓட்டுவீங்க. பிள்ளைங்களும் சந்தோஷமா வரும். நடுவுல நிறுத்தச் சொல்லணுமான்னு இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வரிசை வடகம் பிழியப் போய்விட்டாள். நான் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊரார் வீட்டுப் பெண்களைப் பற்றித்தான் கதை சொல்ல வந்தேன், என் வீட்டுக்காரி என் கண்ணாடியிலேயே எனக்குத் தெரியவில்லை.

போன மே மாதம் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒரு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு நானே ஓட்டினேன். விடியலில் கிளம்பி, முக்கொம்புக்குக் காவிரிக் கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். செல்வி ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து, நிறுத்தி நிதானமாக முழுவதும் குடிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். ரேடியேட்டர் கதையைச் சொல்ல நல்ல இடமாகத் தேடிக்கொண்டு வந்தேன். அதற்குள் பின்னாலிருந்து, மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சத்தமாகவே அவள் குரல் வந்தது.

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க. நான் போகணும்."

நிறுத்தினேன். துவாக்குடியில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து முக்கொம்பு நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த வழியில் அவள் என்னிடம் இதைக் கேட்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது.